ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டும் சளியில் கிருமி போகவில்லை. வேறு நோயாக இருக்குமா?

இருக்கலாம். எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. ஒருநாள் விடாமல் மாத்திரை போட்டவரிடம், "ஒழுங்காச் சாப்பிட்டீங்களாம்மா?" என்று முதல் டாக்டர் கேட்டபோது அவர் முகம் வாடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சளியைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் காசநோய்க் கிருமியும் அதன் பங்காளிக் கிருமிகளும் ஒரே மாதிரி சிவப்புக் குச்சிகளாகத்தான் தெரியும். அந்தப் பங்காளிகளைத்தான் என்டிஎம் (காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா) என்கிறார்கள். மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் இருப்பவை. நுரையீரலில் பழைய தழும்போ மூச்சுக்குழாய் விரிவோ இருந்தால் அங்கே தங்கிவிடும்.

அம்மாவின் ஃபைலைப் புரட்டிய இரண்டாவது டாக்டர்தான் கவனித்தார்: மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர் பாசிட்டிவ், காசநோய்க் கிருமியின் மரபணுவை மட்டும் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ். உடனே சளியைக் கல்ச்சருக்கு (லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பி, என்ன இனம் என்று பார்க்கச் சொன்னார். ஒருமுறை வளர்ந்ததை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள், தண்ணீரிலிருந்தும் கலந்திருக்கலாம். வெவ்வேறு நாள் எடுத்த இரண்டு சளியிலும் அதே கிருமி வர வேண்டும். சிடி ஸ்கேனில் அதற்குரிய மாற்றமும், இருமல் மாதிரி தொந்தரவும் இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு வந்தது என்டிஎம்மில் ஏவியம் என்ற வகை. இது பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்று டாக்டர் சொன்ன அன்றுதான், அதுவரை தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுங்கியிருந்தவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டார்.

அஸித்ரோமைசின், ரிஃபாம்பிசின், எதாம்புட்டால் மூன்றும் கொடுத்தார்கள். அஸித்ரோமைசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்று முதலிலேயே லேபில் பார்த்துவிட்டார்கள். இதை அவசியம் கேளுங்கள். சளியில் கிருமி இல்லை என்று ஆன பிறகும் 12 மாதம் தொடர வேண்டும். அம்மாவுக்கு மொத்தம் 17 மாதம். எதாம்புட்டால் கண் நரம்பைத் தாக்கக்கூடும். மாதாமாதம் கண் டாக்டரிடம் போனோம். அது போக, அம்மா தையல்காரர் என்பதால் தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு நூலையும் பச்சை நூலையும் பிரித்துப் பார்ப்பார், பிறகு மறு கண்ணில்.

என்டிஎம்மிலேயே அப்செஸஸ் என்ற இன்னொரு வகை என்றால் வைத்தியமே வேறு. வழக்கமான காசநோய் மருந்துக்கு அது அடங்காது, ஊசியும் தேவைப்படும்.

உங்களுக்கு என்டிஎம்தான் என்று நான் சொல்லவில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகவும் இருக்கலாம், அதிலும் இதே மாதிரி சளியில் கிருமி போகாமல் இருக்கும். அதனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கல்ச்சர் முடிவு வர ஆறு வாரம்கூட ஆகலாம் என்பதால் இந்த வாரமே சளி கொடுத்துவிடுங்கள்.