ஒரே மருந்து, இரண்டு வயல், இரண்டு முடிவு: உழவர் குழு எதைப் பகிர வேண்டும்?

தஞ்சாவூர் மாவட்டத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் 12 விவசாயிகள் சேர்ந்து, வயல் அனுபவங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். சென்ற சம்பாவில் புகையான் (நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி) தாக்கியபோது ஒருவர் மருந்தடித்துப் பயிரைக் காப்பாற்றினார். அவர் சொன்னதைக் கேட்டு அதே மருந்தை அதே அளவில் அடித்த இன்னொருவரின் வயலில் பூச்சி முன்னைவிடப் பெருகிவிட்டது. இப்போது யார் சொல்வதையும் யாரும் நம்புவதில்லை. இதைச் சரிசெய்ய முடியுமா?"

முடியும். முதலில் மருந்தடித்தவர் பொய் சொல்லவில்லை, இரண்டாமவர் தவறாக அடித்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் குழுவில் பகிரப்பட்டது மருந்தின் பெயரும் அளவும் மட்டுமே. அடித்த அன்று குத்துக்கு, அதாவது ஓரிடத்தில் நட்டு வளர்ந்த நெற்கொத்துக்கு, எத்தனை பூச்சி இருந்தது, சிலந்தி இருந்ததா, தழைச்சத்து எவ்வளவு இடப்பட்டது, தண்ணீர் தேங்கி நின்றதா, அதற்கு முன் எதை அடித்தார்கள் என்பவை பகிரப்படவில்லை. புகையானைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இவைதான். புகையான் தன் முட்டைகளை இலையுறைத் திசுவுக்குள் செருகி வைப்பதால் பல மருந்துகள் அவற்றைத் தொடுவதில்லை. ஆனால் அந்த முட்டைகளை உறிஞ்சி அழிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியும், குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியும் அதே மருந்தில் மடிந்துவிடுகின்றன. குறிப்பாகச் செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளுக்குப் பின் புகையான் பெருகுவது நன்கு அறியப்பட்ட ஒன்று.

இந்தச் சிக்கலை இந்தோனேசிய நெல் விவசாயிகள் உங்களுக்கு முன்பே சந்தித்தார்கள். புகையான் அங்கே பெருஞ்சேதம் விளைவித்ததை அடுத்து, 1986-இல் அந்நாட்டு அரசு நெற்பயிருக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது; 1989-இல் உலக உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் அங்கு தொடங்கின. 25 பேர் அளவிலான குழு, பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை, வயல் வரப்பிலேயே கூடியது. யாரும் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள், எண்ணியதைப் படமாக வரைந்தார்கள், அதை முன்னால் வைத்துக்கொண்டு வாதாடி முடிவெடுத்தார்கள். படம் வரைவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் எழுத்துப் பழக்கம் இல்லாதவரும் தான் கண்டதைக் குழுவின் முன் வைக்க அதைவிட எளிய வழியை நான் அறியேன்.

உங்கள் குழு 12 பேர் என்பதால் ஒரே வயலில் தொடங்கலாம். ஒரு மா (ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வழக்கம்போலவும், மறுபாதியில் எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டு நட்டு, தழைச்சத்தைப் பிரித்து இட்டு, தண்ணீரைக் காயவிட்டுக் கட்டியும் சாகுபடி செய்யுங்கள். வாரந்தோறும் ஒரே கிழமையில், காலையில், ஒவ்வொரு பாதியிலும் குறுக்காக நடந்து பத்துக் குத்துகளின் அடித்தூரைப் பிரித்துப் பார்த்து, புகையானையும் சிலந்தியையும் தனித்தனியே எண்ணுங்கள். சிலந்தி இல்லாத நிலையில் தூருக்கு (குத்தில் கிளைத்த ஒவ்வொரு தண்டுக்கு) 1 பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 பூச்சி என்பதே மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டிய பொருளாதாரச் சேதநிலை. அதாவது, 15 தூர் உள்ள குத்தில் 20 புகையானைக் கண்டு ஒருவர் பதறினாலும், அங்கே சிலந்தி இருக்குமானால் பொறுத்திருக்கலாம். இதை வாயால் சொன்னால் பலர் ஏற்கமாட்டார்கள். கண்ணாடிக் குடுவையில் நெல்தூருடன் புகையானையும் ஒரு சிலந்தியையும் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்து மறுநாள் எண்ணச் சொல்லுங்கள். அதன்பின் விளக்கம் அதிகம் தேவைப்படாது.

நடவுக்கும் களைக்கும் வரும் பெண்களையும் இந்தக் கூட்டத்தில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். நில உரிமையாளர் வரப்பில் நின்று பார்ப்பதை அவர்கள் தூரருகே குனிந்து பார்க்கிறார்கள். எங்கே முதலில் பழுப்பு விழுந்தது என்று பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவர்களைக் கேட்பவர் குறைவு.

பெரும்பாலான குழுக்கள் இடறுவது ஓரிடத்தில்தான். நன்றாக விளைந்ததைச் சொல்ல எல்லோரும் முன்வருகிறார்கள்; கெட்டதைச் சொல்ல கூச்சப்படுகிறார்கள். அதனால் ஒவ்வொரு வாரமும் பேச்சைத் தொடங்கும் முன், அவரவர் சொந்த வயலில் சரிவராத ஒன்றைச் சொல்வது என்று வழக்கப்படுத்துங்கள்; வயதில் மூத்தவர், ஊரில் பெயர் பெற்றவர் முதலில் சொன்னால் மற்றவர்களுக்குத் தயக்கம் விடும். சென்ற சம்பாவில் நட்டப்பட்டவரின் கதையையும் பழி சொல்லாமல் முழுமையாகக் கேட்டுப் பாருங்கள். அவர் முன்பே ஒருமுறை வேறு மருந்து அடித்திருந்தாரா என்பதை முதலில் விசாரிக்கலாம்.

சோதனை வயலில் விளைச்சல் குறைந்தால் இழப்பை யார் ஏற்பது என்பதை நாற்றுவிடும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். 12 பேரும் பங்கிட்டுக்கொள்வதானால் தலைக்கு விழும் தொகை சிறியது. ஒருவர் தலையில் விழுமானால் அடுத்த பருவத்துக்கு யாரும் நிலம் தரமாட்டார்கள். வாராந்தரக் குறிப்பேட்டின் நகலை உங்கள் வட்டார உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள்.