அன்று பேசியவர் யார்?

கேள்வி: பத்து ஆண்டுகளுக்கு முன் தம்பியிடம் நான் பேசிய கடுஞ்சொல்லுக்கு இப்போது மன்னிப்புக் கேட்கும்படி குடும்பத்தார் வற்புறுத்துகிறார்கள். ‘நான்’ என்பதே மாயை, எதுவும் நிலையில்லை என்று ஞானிகள் சொல்லியிருக்கிறார்களே? அன்று பேசியவன் இன்று இல்லாதபோது, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

பதில்: உங்களுக்கு முன்பே ஒரு பிக்கு, அதாவது பௌத்தத் துறவி, இப்படி யோசித்திருக்கிறார். உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று ஒருவரின் உடலும் உள்ளமுமாகச் சேர்ந்த ஐந்து கந்தங்களில் (தொகுதிகளில்) எதுவும் ‘நான்’ அன்று எனப் புத்தர் விளக்கியபோது, ‘அப்படியானால் நானல்லாதது செய்த வினை எந்த நானைத் தொடும்?’ என்று அந்தப் பிக்கு மனத்துக்குள் கணக்குப் போட்டாராம். வேட்கை வயப்பட்ட பேதை மனம் ஆசானின் போதனையையே தாண்டிவிடலாம் என்று இப்படித்தான் நினைக்கும் என்று புத்தர் சொன்னதாகப் பாலி மொழிப் பௌத்த மறைநூல் கூறுகிறது. (மாயை வேதாந்தத்தின் சொல். அங்கே ஒதுக்கப்படுவது அகந்தை, ஆத்மா அன்று. நீங்கள் வேதாந்தம், பௌத்தம் என்னும் இரண்டு கடைச் சரக்கையும் ஒரே பையில் போட்டுக்கொண்டீர்கள்.)

கிரேக்க அரசன் மிலிந்தனும் ஏறக்குறைய இதையே பௌத்தத் துறவி நாகசேனரிடம் கேட்டான். மாங்கனி திருடியவன், ‘இவர் நட்டது வேறு, நான் பறித்தது வேறு’ என்று வாதாடினால் விட்டுவிடுவாயா என்று அவர் திருப்பிக் கேட்க, தண்டிப்பேன் என்றான் அரசன். நட்ட வித்தின்றிப் பறித்த கனி இல்லையே. இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றல்ல, எனினும் எரிந்தது ஒரே விளக்கைச் சார்ந்துதான் என்பதும் அவர் காட்டிய உவமையே. ஆக, மறுக்கப்படுவது மாறாமல் உள்ளே அமர்ந்திருக்கும் உடைமையாளர் ஒருவர். காரணமும் விளைவும் தொடர்ந்து ஓடும் ஓட்டத்தை எவரும் மறுக்கவில்லை.

இன்னொன்று. பத்து ஆண்டுகளுக்கு முன் வங்கியில் போட்ட வைப்புத்தொகை முதிரும்போது, போட்டவன் இன்று இல்லை என்று அதை விட்டுவிடுவீர்களா? வரவுக்கு இருக்கும் ‘நான்’ மன்னிப்புக்கு மட்டும் மறைந்துவிடுவது தத்துவம் அன்று, சாமர்த்தியம்.

நிலையாமை தரும் விடுதலை நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. மாறாத ‘நான்’ ஒன்று இருந்திருந்தால், அன்று அந்தச் சொல்லைப் பேசியவராகவே நீங்கள் என்றும் இருந்தாக வேண்டும். வருத்தம் தெரிவிப்பதுகூட வெறும் நடிப்பாகிவிடும். அப்படி ஒன்று இல்லாததால்தான், காப்பாற்றியாக வேண்டிய கௌரவம் என்று நீங்கள் பத்து ஆண்டுகளாகச் சுமப்பதை இறக்கி வைக்க முடிகிறது. உண்மையில் ‘நான்’ கரைந்தவருக்கு மன்னிப்புக் கேட்பது எளிது, ஏனெனில் குனிவதற்குக் கூசும் ஆள் அங்கே இல்லை. உங்களுக்கோ அது இன்னும் கடினமாக இருக்கிறது. அவர் எங்கும் போய்விடவில்லை போலும்.

தம்பியிடம் போங்கள். தத்துவத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.