பைப் பிடிப்பவர்கள் நின்றுபோன புகையிலைக் கலவைகளுக்காக ஏன் இவ்வளவு ஏங்குகிறார்கள்?

பைப் பிடிப்பவர்களின் ஒரு நாள் எப்படிப் போகும், சந்தையில் இத்தனை கலவைகள் இருக்கும்போது நின்றுபோன ஒன்றுக்காக ஏன் இவ்வளவு வருத்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடத்துக்கு மேலாகப் பைப் பிடிக்கிறேன் (தமிழில் சுங்கான் என்று அழகாக ஒரு சொல் இருக்கிறது, இப்போது அதிகம் பேர் சொல்வதில்லை). என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கேள்விதான். ஒவ்வொரு கலவைக்கும் நாளில் ஒரு நேரத்தைக் கொடுத்து வைத்திருப்போம், கலவை நின்றுபோனால் அந்த நேரம் வெறுமனே வந்து நிற்கும்.

முதலில் அன்றாடப் பழக்கம். காலையில் என் முதல் வேலை, முந்தின இரவு பிடித்த பைப்பின் தண்டில் செருகி வைத்த கிளீனரை, அதாவது பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை, உருவுவது. வெள்ளையாகப் போனது பழுப்பாக வரும். அந்தப் பைப்பை அன்று தொடமாட்டேன். பைப் செய்யும் பிரையர் என்பது மத்தியதரைக்கடல் பக்கம் வளரும் ஒரு செடியின் வேர்க்கட்டை, பிடிக்கும்போது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதை விட்டுக் காய ஒரு நாளாவது வேண்டும். தினமும் பிடிப்பவர் வீட்டில் ஐந்தாறு பைப் இருப்பது இதற்காகத்தான், ஆடம்பரத்துக்கு இல்லை. சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றக் கூடாது என்பதை மட்டும் யாராவது எனக்கு முதல் வாரமே சொல்லியிருக்கலாம், ஒரு நல்ல பைப்பின் இணைப்பு தளர்ந்துபோன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் புகையிலை. ஃபிளேக் என்றால் அழுத்தி வெட்டிய பட்டையாக இருக்கும், அதைப் பிரித்து உதிர்த்து ஒரு தாளில் கால் மணி நேரம் காயவிடுவேன். பைப்பின் தலையிலுள்ள கிண்ணத்தில் நிரப்பும்போது அடியில் லேசாக, மேலே போகப்போகக் கொஞ்சம் அழுத்தமாக. முதல் தீக்குச்சிக்குப் புகையிலை சூடுபட்டு நெளிந்து மேலே எழும்பும், எழுந்ததை டேம்ப்பர் என்ற சின்ன அழுத்துகோலால் மெதுவாகத் தட்டி அமர்த்திவிட்டு இரண்டாவது குச்சி வைத்தால்தான் நெருப்பு நிற்கும். அதன் பிறகு அவசரமே கூடாது. வேகமாக இழுத்தால் கிண்ணம் கையில் பிடிக்க முடியாத அளவு சுடும், நாக்கு எரியும், ருசி போய்விடும். நடுவில் அணைந்தால் அணையட்டும், மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம். ஒரு கிண்ணம் முடிய எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புகையை உள்ளே இழுக்காமல் வாயிலேயே வைத்து விட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது, நிக்கோட்டின் பழக்கமும் பிடித்துக்கொள்கிறது. நான் இப்போது நாளைக்கு ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். யாரையும் புதிதாக இதற்குள் அழைப்பதற்காக இதை எழுதவில்லை.

சரி, ஏக்கத்துக்கு வருவோம். ஆல்ஃபிரட் டன்ஹில் 1907-ல் லண்டன் டியூக் தெருவில் திறந்த கடையிலிருந்து வளர்ந்த பெயர்தான் டன்ஹில். அவர்களிடம் எர்லி மார்னிங் பைப் என்று ஒரு கலவை, நைட்கேப் என்று ஒன்று. பெயரிலேயே நேரம் இருக்கிறது, பாருங்கள். முதலாவது லேசானது, விடிகாலை வாய்க்கு இதமானது. இரண்டாவதில் புகைமூட்டிப் பதப்படுத்திய லட்டாக்கியா இலை தூக்கலாக இருக்கும், புளிக்கவைத்த பெரீக் இலையும் உண்டு, வேலையெல்லாம் முடித்து உட்கார்ந்தால்தான் அதைத் தாங்க முடியும். பல வருடங்கள் என் நாள் அந்த இரண்டு டப்பாக்களுக்கு நடுவில்தான் ஓடியது. 2018-ல் டன்ஹில் பைப் புகையிலை நின்றது. கொஞ்ச காலத்திலேயே அதே கலவைகள் பீட்டர்சன் என்ற பைப் நிறுவனத்தின் பெயரில் திரும்பி வந்தன, அந்த மட்டும் எங்களுக்கு அதிர்ஷ்டம். ருசி அப்படியேதான் இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள், என் நாக்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அதே 2018-ல் போனதுதான் திரும்பவே இல்லை. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் இருந்த மெக்லெலண்ட் நிறுவனம் மூடப்பட்டது. அவர்கள் எதிர்பார்த்த தரத்தில் சிவப்பு வர்ஜீனியா என்ற புகையிலை வகை போதிய அளவு கிடைக்காமல் போனது ஒரு முக்கியக் காரணம். அவர்களுடைய வர்ஜீனியா டப்பாவைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது தக்காளி சாஸ் வாசனை, வினிகரின் புளிப்போடு. முதல் தடவை திறப்பவர் கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார். கொஞ்ச நேரம் காற்றாட விட்டால் அந்தப் புளிப்பு அடங்கி, உள்ளேயிருந்து காய்ந்த வைக்கோலும் உலர்ந்த அத்திப்பழமும் கலந்த மாதிரி ஒரு மணம் வரும். கிறிஸ்மஸ் சியர் என்ற அவர்களுடைய கலவை வருடத்துக்கு ஒரு முறை வரும், டப்பாவின் மேல் அந்த வருடம் அச்சிட்டிருக்கும். பல வருடம் மூடிக் கிடந்த டப்பாவுக்குள் பட்டைகளின் மேல் உப்புத்தூள் மாதிரி சின்னச் சின்ன வெள்ளைப் படிகங்கள் மின்னும். அதைப் பூஞ்சை என்று நினைத்துக் கொட்டிவிட்டவர்களை எனக்குத் தெரியும், இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை. பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரிப் படர்ந்திருக்கும், மக்கிய வாடையும் அடிக்கும். படிகம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

வேறு யாராவது அதே மாதிரி செய்துவிட முடியாதா என்று கேட்பீர்கள். முயன்றிருக்கிறார்கள், சில நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் கலவையின் குறிப்பு கையில் இருந்தால் போதாது, அதே இலை வேண்டும், அந்தக் கைப்பக்குவம் வேண்டும். பெரீக் அமெரிக்காவின் லூசியானாவில் செயின்ட் ஜேம்ஸ் என்ற சின்னப் பகுதியில் பீப்பாய்க்குள் மாதக்கணக்கில் அழுத்திப் புளிக்கவைத்து எடுக்கப்படுவது, அதை இன்னோர் இடத்தில் கொண்டுபோய் அப்படியே செய்துவிட முடியாது. த்ரீ நன்ஸ் என்று வட்ட வட்டமாகச் சுருட்டி வெட்டிய பழைய கலவை ஒன்று, அதன் உயிரே பெரீக்தான். பிற்பாடு அதே பெயரில் வந்த டப்பாவில் பெரீக் இல்லை. பெயரைப் பார்த்து ஆசையாக வாங்கி, முதல் இழுப்பிலேயே இது வேறு ஆள் என்று தெரிந்தபோது எனக்கு ஏமாற்றத்தைவிடக் கோபம்தான் வந்தது. லட்டாக்கியாவும் அப்படித்தான். சிரியாவின் துறைமுக நகரத்தின் பெயர் அது, இலையைப் புகைமூட்டத்தில் தொங்கவிட்டுப் பதப்படுத்துவார்கள். இன்றைக்கு டப்பாக்களில் இருப்பது சைப்ரஸ் இலை. நல்ல இலைதான், குறை சொல்லவில்லை, ஆனால் சிரிய இலையை ருசித்தவர்கள் இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டார்கள்.

அதனால்தான் பிடித்த கலவை கிடைக்கும்போதே எல்லோரும் சேர்த்து வைக்கிறார்கள். டப்பாவைத் திறந்துவிட்டால் மிச்சத்தை ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, தேதி எழுதி ஒட்டி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். வர்ஜீனியா வருடம் ஆக ஆக இனிக்கும். லட்டாக்கியா புகைமணம் குறைந்து சாதுவாகிவிடும், அதை ரொம்ப நாள் போட்டுவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

என்னிடம் கிறிஸ்மஸ் சியர் 2012 டப்பாவில் மிச்சம் ஒரே ஒரு ஜாடி, அடியிலிருந்து மூன்று விரல் உயரம். ஞாயிறு மாலைகளில் அதைத்தான் பிடிப்பேன். இப்போது பல ஞாயிறுகளில் மூடியை மட்டும் திறந்து முகர்ந்துவிட்டு, திரும்ப இறுக்கி மூடிவிட்டு, வேறு டப்பாவை எடுக்கிறேன். புளிப்பு வாசனை அநேகமாகப் போய்விட்டது, அத்திப்பழம் இன்னும் இருக்கிறது.