லைசன்ஸ் கேட்டு அடம்பிடிக்கும் கொம்பைலர்

லாப்டொப்பின் மதர்போட்டை மாற்றினோம். காசு கொடுத்து வாங்கிய கொம்பைலர் (எழுதிய கோடை ஓடும் ப்ரோகிராமாக மாற்றும் மென்பொருள்) இப்போது லைசன்ஸ் இல்லை என்கிறது. அப்போ நான் வாங்கியது என்னுடையது இல்லையா? (கொக்குவில்)

கொம்பைலருக்கு உங்களைத் தெரியாது, உங்கள் நெட்வேர்க் கார்டைத்தான் தெரியும். இந்த வகை லைசன்ஸ் பெரும்பாலும் கணினியின் மாக் முகவரியோடு (நெட்வேர்க் கார்டின் அடையாள எண்) கட்டப்பட்டிருக்கும். லைசன்ஸ் கோப்பை நோட்பாடில் திறந்தால் ஹோஸ்ட்ஐடி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 12 எழுத்து ஒன்று இருக்கும். விண்டோஸின் கறுப்புக் கட்டளைத் திரையில் கெட்மாக் (getmac) என்று அடித்து, வருவதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லையா? பழைய முகவரி பழைய மதர்போட்டோடு போய்விட்டது. இரண்டு எண்களையும், மதர்போட் மாற்றிய கடை பில்லையும் விற்றவருக்கு அனுப்பி, லைசன்ஸைப் புதிய எண்ணுக்கு மாற்றிக் கேளுங்கள். சப்போர்ட் சந்தா முடிந்திருந்தால் இழுத்தடிப்பார்கள், விடாதீர்கள்.

கடைசிக் கேள்விக்குப் பதில்: இல்லை. நீங்கள் வாங்கியது பாவிக்கும் அனுமதி மட்டும். கோபம் வருவது நியாயம்தான்.

அடுத்த முறை யூஎஸ்பி நெட்வேர்க் அடப்டரின் எண்ணைக் கொடுத்து லைசன்ஸ் எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். லாப்டொப் மாறினாலும் அது கூடவே வரும். நானும் அப்படித்தான் எடுத்தேன். விரலளவு சாமான். அதை மேசையில் மறந்துவிட்டு ஒருநாள் கிளிநொச்சிக்கு பஸ் ஏறிவிட்டேன். அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்ததுதான் மிச்சம்.

கரண்ட் போய் வந்தால் லைசன்ஸ் சேர்வரில் (மற்ற மெசின்களுக்கு லைசன்ஸ் கொடுக்கும் கணினி) மட்டும் கொம்பைலர் ஓடுகிறது. ஆய்வுகூடத்தில் உள்ள மற்ற மெசின்களுக்கு லைசன்ஸ் கிடைப்பதில்லை. (திருநெல்வேலி)

ஃபிளெக்ஸ்எல்எம் என்ற லைசன்ஸ் மென்பொருள் ஓடும் சேர்வர் என்று நினைக்கிறேன். அதில் இரண்டு ப்ரோகிராம்கள் ஓடும். முதலாவது வழக்கமாக 27000 முதல் 27009 வரையான போர்ட் (நெட்வேர்க்கில் ஒரு ப்ரோகிராமின் வாசல் எண்) ஒன்றில் நிற்கும். இரண்டாவது, கொம்பைலரை விற்ற நிறுவனத்தின் ப்ரோகிராமான வெண்டர் டீமன், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கையில் கிடைத்த போர்ட்டைப் பிடிக்கும். தெரியாத போர்ட்டுகளை மூடி வைக்கும் ஃபயர்வோல் அதைத் தடுத்துவிடும். லைசன்ஸ் கோப்பில் வெண்டர் என்று தொடங்கும் வரியில் ஒரு போர்ட் எண்ணை எழுதி, இரண்டு எண்களையும் ஃபயர்வோலில் திறந்துவிடுங்கள். அப்புறம், அந்த மெசினின் மதர்போட் பற்றரியையும் பாருங்கள். தேதி பின்னால் போனால் லைசன்ஸ் அதைக் கள்ளவேலை என்றே எடுக்கக்கூடும்.

கெயில் எம்டிகே லைட்டில் (சிறு சில்லுகளுக்கு ப்ரோகிராம் எழுதும் மென்பொருளின் அளவு கட்டுப்படுத்திய பதிப்பு) என் ப்ரொஜெக்ட் 32 கிலோபைட் எல்லையைத் தாண்டிவிட்டது. லைசன்ஸ் பூட்டை உடைக்கும் கிராக் போடலாமா? (சாவகச்சேரி)

வேண்டாம். படிப்புக்கு என்றால் அதன் கொம்யூனிட்டி பதிப்பு இலவசம், அந்த அளவுக் கட்டுப்பாடும் இல்லை. விற்கப்போகிறீர்கள் என்றால் இலவசக் கொம்பைலர் தொகுப்பான ஆர்ம் குனூ டூல்செயினுக்கு மாறுங்கள். சில்லைத் துவக்கும் ஸ்டார்ட்டப் கோப்பையும், நினைவகத்தில் எது எங்கே என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டையும் மாற்றி எழுத வேண்டிவரும், அதற்கு ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள்.

இலவசக் கொம்பைலரான ஜிசிசியில் கொம்பைல் செய்தால் என் மூலக்கோடை வெளியிட வேண்டுமா? (நெல்லியடி)

தேவையில்லை. வெளிவரும் ப்ரோகிராமில் ஜிசிசியின் ரன்டைம் லைப்ரரி (கூடவே வரும் ஆயத்தக் கோட்) கலந்தாலும், அதற்கென்றே தனி விலக்கு இருக்கிறது. நீங்களாகச் சேர்க்கும் லைப்ரரிகள்தான் வேறு கதை. உதாரணமாக, கட்டளை வரியில் தட்டச்சைக் கவனிக்கும் ரீட்லைன் லைப்ரரி முழுக்க ஜிபிஎல், அதாவது அதைச் சேர்த்த ப்ரோகிராமை வெளியே கொடுத்தால் மூலக்கோடையும் கொடுக்கச் சொல்லும் லைசன்ஸ்.