பாசி பிடித்துவைத்த செம்பு உலோகம் திரும்பத் தண்ணீருக்கே வருவது ஏன்?

செம்பு கலந்த நீரைச் சுத்தப்படுத்த குளோரெல்லா என்ற நுண்பாசியை விட்ட தொட்டியில், முதல் மூன்று நாள் நீரில் செம்பு குறைந்தது, பத்தாம் நாள் மறுபடி ஏறிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பாசி உலோகத்தை அழிப்பதில்லை; செல்சுவரிலுள்ள கார்பாக்சில் தொகுதிகளில் (உலோகத்தை ஈர்க்கும் வேதித் தொகுதிகள்) பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். செத்து அழுகினால் பிடித்ததை விட்டுவிடும். தொட்டியின் அடியில் செத்த பாசி பழுப்பாக, வழவழவென்று படிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

அப்புறம் பிஎச், அதாவது நீரின் அமில-காரத் தன்மையின் அளவு. பகலில் ஒளிச்சேர்க்கையால் அது ஏறும்போது செம்பு கரையாத ஹைட்ராக்சைடாக மாறி அடியில் படியும். இரவில் இறங்கினால் கொஞ்சம் கரையும். காலை, மாலை இரண்டு வேளையும் அளந்து பாருங்கள்.

என்னைக் கேட்டால் உயிருள்ள பாசியே வேண்டாம். காயவைத்துப் பொடித்த பாசியை செம்பு கலந்த நீரில் பிஎச் 5 அளவில் ஒரு மணி நேரம் கலக்கி வடிகட்டுங்கள். நீர்த்த அமிலத்தில் கழுவினால் பொடி மறுபடி உதவும். கழுவிய நீரை மட்டும் தயவுசெய்து சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், பிடித்த செம்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.