ஒட்டு ரோஜாவின் அடியிலிருந்து வரும் வெள்ளைப் பூச்செடியை வேலிக்கு விடலாமா?

பண்டாரவளைப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நான் வைத்த சிவப்பு ஒட்டு ரோஜா பட்டுப்போய்விட்டது. இப்போது அடியிலிருந்து நீள நீளமாய்க் கொப்பு வந்து, சின்ன வெள்ளைப் பூ கொத்துக்கொத்தாய்ப் பூக்கிறது. நல்ல முள். மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வராமல் இதையே வேலியாக்கலாமா?"

வேண்டாம், சகோதரி. மேலே ஒட்டியது செத்ததும், அதை வேரோடு தாங்கிய வேறு ரோஜாவான அடிச்செடி தலைதூக்கியிருக்கிறது. அது மல்டிஃபுளோரா ரோஜாவாக இருக்கலாம். ஒட்டுக்கட்டப் பல நாடுகளில் பயன்படும் கிழக்காசியக் காட்டு ரோஜா. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். காம்பின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் சிறு செதிலின் ஓரம் சீப்புப் பல் போலக் கிழிந்திருந்தால் அநேகமாக அதுதான்.

உங்களுக்கு வந்த யோசனை அமெரிக்க அரசாங்கத்துக்கும் வந்தது. 1866இல் அடிச்செடியாக அங்கே போனதை, 1930களில் மண்ணரிப்பைத் தடுக்கவும் மாட்டு வேலிக்கும் நடச் சொன்னார்கள். மாடு தாண்டவில்லை, சரி. செடி வேலியோடு நிற்கவில்லையே! பெரிய செடி ஒன்று வருசத்துக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் விதை வரை கொடுக்கக்கூடும். பழத்தைத் தின்னும் குருவிகள் போகிற இடமெல்லாம் போடும். மண்ணில் அந்த விதை 10, 20 வருசம் உயிரோடு கிடக்கும். வளைந்த கொப்பு நிலத்தைத் தொட்டால் தானே பதியமாகிவிடும். மேய்ச்சல் நிலங்கள் மாடு நுழைய முடியாத புதராகி, இன்று பல மாநிலங்களில் அது சட்டப்படி களை.

நம் உண்ணிச்செடியும் 1826இல் அழகுச்செடியாகத்தான் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. இன்று அது இல்லாத மலை ஓரம் எங்கே? இந்த ரோஜாவும் அப்படிப் பரவும் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் சரிவுக்குக் கீழே ஓடையோ கைவிட்ட தேயிலையோ இருந்தால், சோதித்துப் பார்க்க அது இடமில்லை.

பழம் சிவக்குமுன் வேலையை முடியுங்கள். மழையில் மண் இளகிய நாளில், தடித்த கையுறை போட்டு, கொப்புகளை அடியோடு வெட்டி, வேரைக் கிளறி எடுங்கள். துண்டு மிஞ்சினால் துளிர்க்கும். தோண்ட முடியாத புதர் என்றால் வருசத்துக்கு 3 முதல் 6 தடவை, 2 முதல் 4 வருசம் விடாமல் வெட்டவேண்டும். ஆடு இருந்தால் நல்லது, இளந்துளிரை விரும்பித் தின்னும். வெட்டியதை ஓடையில் தள்ளாமல் காயவைத்து எரியுங்கள்.

பன்றிக்கு முள்முருங்கைக் கம்பை நெருக்கமாக நட்டு, முள்ளுக்கம்பி இழுங்கள். அப்புறம், அடுத்த ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்குக் கீழே கொப்பு வந்தால் மண்ணை விலக்கி, முளைத்த இடத்திலிருந்தே பிய்த்துவிடுங்கள். மேலாக வெட்டினால் ஒன்று இரண்டாகவும் மூன்றாகவும் வரும்.