நான்காண்டு பி.பி.ஏ. (சந்தைப்படுத்தல்) படிப்பை எப்படித் திட்டமிடுவது? நான்காம் ஆண்டு தேவைதானா?

குன்னூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே மலைக்காரன்தான். கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில் (படகர் ஊரில்), இரண்டு ஏக்கருக்கும் குறைவான தேயிலை வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவன். இதே படிப்பை வெளிமாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் படித்து 2025இல் முடித்தேன். "நீ நன்றாகப் பேசுகிறாய், மார்க்கெட்டிங் படி" என்று உங்களிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். என்னிடம் சொன்னவர் என் தாய்மாமா. அது தவறான காரணம் என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

முதலில் நான்காம் ஆண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழக அரசு ஏற்காததால், இங்கே மாநிலப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளில் பி.பி.ஏ. மூன்றாண்டுப் படிப்பாகவே நடக்கிறது. நான்காண்டு வேண்டுமென்றால் நிகர்நிலை, மத்திய, தனியார் பல்கலைக்கழகங்களைத்தான் நாட வேண்டியிருக்கும். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகத்தின்படி 120 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் புள்ளி) பெற்றால் மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியேறலாம். 160 பெற்றால் அது நான்காண்டு ஹானர்ஸ் பட்டமாகிறது. அந்த ஹானர்ஸிலும் ஆய்வுடன் கூடியது, ஆய்வு இல்லாதது என இரண்டு உண்டு. ஆய்வுடன் கூடியதைத் தேர்ந்தெடுக்க முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு இருக்க வேண்டும். அதில் ஆய்வேட்டுக்கு மட்டும் 12 கிரெடிட். ஆய்வேடு எழுதாதவர்கள் அதற்கு ஈடாக மூன்று தாள்கள் எழுதுவார்கள்.

உங்கள் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே இந்த 75 என்னும் எண்ணால்தான்.

நான் சேர்ந்தது 2021இல். கொரோனாவால் முதல் பருவம் முழுவதும் இணையவழி வகுப்புகளே நடந்தன. எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மேட்டுத் தோட்டத்தின் ஓரத்தில், சில்வர் ஓக் மரத்தடியில் நின்றால் இரண்டு கோடு வரும். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கத்தை எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மழையில் ஒரு கையில் குடையும் மறு கையில் கைப்பேசியுமாக நின்று வணிகப் புள்ளியியல் படித்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உண்மையில் பாதி நாட்கள் நான் மேட்டுக்கு ஏறவே இல்லை. சந்தைப்படுத்தல் படிக்க வந்தவனுக்குப் புள்ளியியல் எதற்கு என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அந்தத் தாளில் 48 மதிப்பெண் பெற்றேன், கணக்குப்பதிவியலில் 55. தேர்ச்சி பெற்றதே போதும் என்று விட்டுவிட்டேன். புதிய சட்டகத்தை எங்கள் வகுப்புக்கும் பொருத்துவதாக இரண்டாம் ஆண்டில் சுற்றறிக்கை வந்தபோது, அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆறாம் பருவ முடிவில் என் மொத்தச் சராசரி 73.6 ஆக நின்றது. துறைத் தலைவரிடம் போய் நின்றேன். அவர் அன்பாகத்தான் பேசினார், ஆனால் விதியைத் தளர்த்த முடியாது என்றார். பல்கலைக்கழகத்தின் மீது எனக்கு வருத்தம் இல்லை. மற்ற எல்லாருக்கும் இருந்த விதிதான் எனக்கும் இருந்தது; எனக்கு முன்னால் 74.8இல் நின்ற ஒரு பெண்ணும் திரும்பிப் போனாள்.

நான் ஆய்வு செய்ய விரும்பியது எங்கள் வீட்டுக் கதையைத்தான். எங்கள் அப்பா தாம் கொய்த இலைக்கு ஒருநாளும் தாமே விலை சொன்னதில்லை. பொருள், விலை, இடம், விற்பனை மேம்பாடு என்று 1960இல் சந்தைப்படுத்தல் பேராசிரியர் மெக்கார்த்தி வகுத்த நான்கும் விற்பவரின் கையில் உள்ள முடிவுகள் என்று முதல் வகுப்பிலேயே கற்பித்தார்கள். எனக்கு அது அப்போதே உறுத்தியது. மூன்றாம் ஆண்டுக்கு முந்தைய விடுமுறையில் கோத்தகிரிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் இடத்தில், ஆறு வாரம் பயிற்சிக்குச் சேர்ந்தேன். தூள் குன்னூர் ஏலத்துக்குப் போகிறது; அங்கே கிடைக்கும் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் இலைக்கு விலை பிறக்கிறது. தேயிலை வாரியத்தின் பங்கீட்டு முறைப்படி விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்ற விகிதம் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் எங்கள் இலையின் விலையை உயர்த்தும் வழி, நாங்கள் ஒருபோதும் சந்திக்காத ஏலதாரர் அந்தத் தூளுக்கு என்ன மதிப்புக் கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது. இன்னொன்றையும் அங்கேதான் உணர்ந்தேன்: 2008இல் நீலகிரித் தேயிலைக்குப் பெற்ற புவிசார் குறியீடு, இலையைச் சுருட்டித் தயாரிக்கும் ஆர்த்தடாக்ஸ் வகைக்கு உரியது, எங்களைப் போன்றவர்களின் இலையோ பெரும்பாலும் இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. தூளாகத்தான் அரைபடுகிறது. மலையின் பெயர் பெற்ற மதிப்பு, அந்த மலையில் இலை பறிக்கும் பெரும்பாலோரின் மூட்டைக்கு வந்து சேர்வதில்லை. இதை எண்களோடு எழுத எனக்கு ஓர் ஆண்டு கிடைத்திருக்கும். அதற்குப் பதிலாக மூன்று தாள்களை எழுதினேன். அவற்றில் விலை நிர்ணயம் பற்றிய ஒன்று மட்டும் பயன்பட்டது.

ஆகவே என் யோசனை, நான்காம் ஆண்டிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள் என்பதுதான். முதல் ஆண்டில் வரும் புள்ளியியலையும் கணக்குப்பதிவியலையும் சடங்காக நினைக்காமல், அவைதான் படிப்பின் அடித்தளம் என்று கொள்ளுங்கள். எக்செல் பழகுவதும் அப்போதே நடக்கட்டும். நுகர்வோர் நடத்தை, சந்தை ஆய்வு ஆகியவை வரும் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் உங்களை உறுத்தும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால், விடுமுறைப் பயிற்சியை அதற்கேற்ற இடத்தில் தேடலாம். மூன்றாம் ஆண்டில் விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது விற்பனை, விநியோகம் பற்றிய தாளை விட்டுவிடாதீர்கள். இணையவழி விளம்பரம் கற்றாலே போதும் என்று இதன் கீழே சிலர் எழுதக்கூடும். ஊட்டியில் கமர்சியல் சாலையில் நடந்து பாருங்கள்: ஏறத்தாழ ஒவ்வொரு சாக்லேட் கடைப் பலகையிலும் 'ஹோம்மேட்' என்றுதான் இருக்கும். எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லும் இடத்தில் அதை இன்னும் உரக்கச் சொல்வதற்கு நான்காண்டுப் படிப்புத் தேவையில்லை.

ஆய்வில் ஆர்வம் இல்லையென்றால், அல்லது ஐந்தாம் பருவ முடிவிலேயே 75 எட்டாது என்று தெரிந்துவிட்டால், மூன்றாண்டோடு வெளியேறுவதில் ஒரு குறையும் இல்லை. மேலாண்மைக் கல்லூரிகளுக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதவும் எம்.பி.ஏ. சேரவும் அந்தப் பட்டமே போதும். நான்காம் ஆண்டுக்கான கட்டணம், விடுதிச் செலவு, அந்த ஓராண்டில் ஈட்டியிருக்கக்கூடிய சம்பளம் ஆகிய மூன்றையும் கூட்டி வீட்டில் முன்கூட்டியே பேசுங்கள். பின்னாளில் முனைவர் பட்டம் நோக்கமென்றால் மட்டும் கணக்கு மாறும். நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்கள் முதுகலை இல்லாமலே அதற்கு விண்ணப்பிக்கலாம். சேருமுன் அந்த நிறுவனத்தின் பி.பி.ஏ. படிப்புக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதல் உண்டா என்றும் கேளுங்கள். 2024-25 முதல் அந்தப் படிப்பையும் அவர்கள் தங்கள் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நான்கு வருடம் படிப்பதற்கு இன்ஜினியரிங்கே படித்திருக்கலாமே என்று உங்களிடமும் கேட்பார்கள். இதைக் கேட்காத உறவினர் எனக்கு ஒருவர்கூட இல்லை; கேட்டவர்களில் மூவரின் பிள்ளைகள் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இன்று விற்பனைப் பிரிவில்தான் வேலை செய்கிறார்கள். அதை நான் இதுவரை எந்தக் கல்யாண வீட்டிலும் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிட்டேன்.

நான் இப்போது கோயம்புத்தூரில் உணவுப் பொருள் விநியோகம் செய்யும் நிறுவனமொன்றில் இருக்கிறேன். முதல் ஆறு மாதம், எந்தக் கடை அலமாரியில் எந்தப் பாக்கெட் எத்தனை நாள் கிடக்கிறது என்று எண்ணிப் பதிந்ததுதான் வேலை. அதாவது நான் 48 வாங்கிய அதே புள்ளியியல். பல்கலைக்கழகத்துக்காக எழுத முடியாமல் போன ஆய்வை ஊருக்குப் போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறேன். அப்பா ஆணியில் குத்தி வைத்திருந்த ஓராண்டு இலை ரசீதுகளை எடுத்து, ஏல விலையோடு ஒப்பிட்டு அட்டவணை போட்டுக் காட்டினேன். பதினோரு மாதங்களை ஏற்றுக்கொண்டார். நவம்பரை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மாதம் இலை ஈரம் என்று சொல்லி எடையில் அளவுக்கு மேல் கழித்துவிட்டார்கள், அதைச் சேர்த்து மறுபடி போடு என்கிறார்.